காற்றுக்கு ஒரு பரண்

ஆடி மாதத்தில் திருச்செந்தூரிலிருந்து காயாமொழி தாண்டி மேற்கே போனால் காற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். குதிரைமொழித் தேரியின் செம்மணல் தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குப் புகை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். நேற்று நடந்த கால்தடம் இன்று இருக்காது. கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். பனையெல்லாம் ஒரே பக்கம் ஓலையைச் சாய்த்துக்கொண்டு இரைந்தபடி நிற்கும். அந்தத் தேரியே காற்று கட்டியதுதான். பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று அள்ளிக் குவித்த மணல் அது. மணலின் மேல் படிந்த இரும்புத் துருதான் அதன் சிவப்பு. குறுங்கற்கருவிகளைச் செதுக்கிய ஆதி மனிதர்கள் இந்த மேடுகளில் உட்கார்ந்திருந்ததற்கும் தடயம் உண்டு.

அதே தேரியிலிருந்து கிழக்கே இறங்கினால் திருச்செந்தூருக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவே கல்லாமொழி. அங்கே உடன்குடி அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. கப்பலிலிருந்து நிலக்கரியை இறக்கக் கடலுக்குள் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலமும் இறங்குதளமும். நாட்டிலேயே காற்று மிகுந்த நிலப்பகுதிகளில் ஒன்றின் ஓரத்தில், இவ்வளவு பெரிய கரி அடுப்பு எதற்கு? இந்தக் கேள்விக்கு 'ஊழல்' என்றோ 'வளர்ச்சி' என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு இரண்டும் போதவில்லை. பதில் காற்றின் நாட்காட்டியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டதென்றால் ஆரல்வாய்மொழியில் காத்தாடி ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் 'சீசன்' என்றே பெயர், மாதமும் ஒன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு, கை வீசிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. மலைத்தொடரில் இடைவெளி இருக்கும் இடத்தில் நெருக்கியடித்துப் புகுவதால் வேகம் கூடுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று தமிழ்நாட்டின் காற்றாலை வட்டாரங்கள் எல்லாமே இந்தக் கணவாய்களின் வாசலில்தான் இருக்கின்றன. செங்கோட்டைக் காற்று கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலைக் கடந்து ஓட்டப்பிடாரம் பக்கம் வருகிறது. ஆரல்வாய்மொழிக் காற்று முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் வழியாகக் கடலுக்குப் போகிறது.

இதை உணர்வதற்கும் அளப்பதற்கும் நடுவே ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. வானிலை அறிவியலாளர் அன்னா மாணி 1918-இல் பீருமேட்டில் பிறந்தவர். இந்தக் காற்று மழையைக் கொட்டுகிற பக்கத்து ஊர் அது. அது வறண்டு வீசுகிற பக்கத்தின் மதிப்பைக் கணக்கெடுத்ததும் அவர்தான். இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளை அவர் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் நாடெங்கும் கம்பம் நட்டு அளக்கும் பணியையும் முன்னின்று நடத்தினார். ஏன் இவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. வேகத்தில் ஒரு சிறு பிசகு கணக்கில் பெரும் நட்டமாகிவிடும்.

1986-இல் தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் சாலையில் உப்பளங்கள் சூழ்ந்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காத்தாடிகள் நடப்பட்டன. குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, இந்த முள்ளக்காடு மூன்றும் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் சேரும். இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டம் சுமார் 15 மீட்டர். இன்றைய காத்தாடிக்கு அது 140 மீட்டரையும் தொடுகிறது. வாரிப் பிடிக்கும் பரப்பு எண்பது மடங்குக்கும் மேல். அன்றைய 55 கிலோவாட் எந்திரங்கள் அறுபது செய்த வேலையை 3.3 மெகாவாட் எந்திரம் ஒன்றே செய்துவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. முள்ளக்காட்டில் காத்தாடி ஏறிய அந்தக் காலத்தை ஒட்டித்தான் கடலில் பாய்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோனவை, பிறகு எஞ்சினுக்கு மாறின. கட்டுமரமும் வள்ளமும் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் போயின. முத்துக்குளிப்பும் காற்றின் கணக்கில் நடந்ததுதான். இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் சலாபம் என்ற அந்தக் குளிப்பு. நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்து முத்துச்சிப்பிப் பார்களுக்குப் போய், பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துத் திரும்புவார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். காற்றை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் பயன்படுத்திய அந்தத் திறமை எந்த எரிசக்திப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. ஆறுமுகநேரி உப்பளத்தில் கடல்நீரை உப்பாக்கும் வெயிலும் காற்றும் இன்றும் கணக்கில் வருவதில்லை. பாத்திக்கு நீர் இறைக்கும் மோட்டார் தின்னும் யூனிட் மட்டும் வருகிறது.

ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் காத்தாடி பெருகியது 1990-களில். அதற்குக் காரணம் காற்று மட்டுமல்ல, வருமான வரிச் சட்டமும்தான். எந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம் என்று அன்று சலுகை இருந்தது. லாபம் பார்த்த நூற்பாலைக்காரர் அதை வரியாகக் கட்டுவதற்குப் பதில் தெற்கே ஒரு காத்தாடியாக நட்டார். நிதியாண்டு முடிவதற்குள் நட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் நல்ல காற்று உள்ள இடமா என்று பார்க்காமல் நட்டவர்களும் உண்டு. சலுகை பின்னால் 80 விழுக்காடாகி, 2012-இல் போய், 2014-இல் திரும்பி, 2017-இல் 40 விழுக்காடானது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் காத்தாடி நடும் வேகம் ஏறி இறங்கியது. கோவை, திருப்பூர், ராஜபாளையம் ஆலைகளுக்கு இது இரட்டை லாபம். வரியும் மிச்சம், மின் கட்டணமும் மிச்சம். பின்னலாடையும் நூலும் உலகச் சந்தையில் நின்றதில் நம் ஊர்க் காற்றுக்கும் பங்கு உண்டு. காற்று வீசும் ஊருக்குக் கிடைத்தது என்ன? நிலத்துக்கு ஒரு விலை, சில காவல் வேலைகள், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு ஆபரேட்டர் வேலை. எந்திரத்தைச் சுற்றி ஆடு மேய்க்கத் தடையில்லை, அது ஒரு நல்ல விஷயம்.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். நீண்ட காலம் நாட்டின் முதலிடம் நம்முடையது. 2023 வாக்கில் குஜராத் முந்திக்கொண்டது. காரணம் எளிது. நல்ல காற்று உள்ள இடங்களை எல்லாம் நாம் முதலிலேயே சிறிய எந்திரங்களால் அடைத்துவிட்டோம். வீட்டின் முன்னறையில் பழைய பெட்டிகளை அடுக்கிவிட்டு, புதுக் கட்டிலுக்கு இடமில்லை என்கிற மாதிரி. பழையவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நட மாநில அரசு 2024-இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் நான்கு பேரின் நான்கு எந்திரங்கள் நின்ற இடத்தில் ஒரே ஒரு எந்திரம்தான் நிற்க முடியும் என்றால் அது யாருடையது என்பது பொறியியல் கேள்வி அல்ல, பங்காளிக் கேள்வி.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். ஆண்டு விளைச்சலின் பெரும்பங்கு மே பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை வந்து குவிகிறது. அந்த மாதங்களில் ஒரே நாளில் காற்று 12 கோடி யூனிட் கொடுத்த நாட்கள் உண்டு. மாநிலத்தின் தேவை உச்சம் தொடுவதோ அதற்கு முன்னால். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் ஆனது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம், காற்று இன்னும் கணவாய் தாண்டவில்லை, ஊரெல்லாம் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. பசித்த வேளைக்குச் சோறு இல்லை, சோறு வந்த வேளைக்கு அவ்வளவு பசி இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க நம் அதிகாரிகள் கண்டுபிடித்த உபாயத்துக்கு 'பேங்கிங்' என்று பெயர். ஆலைக்காரர் ஆடியில் தம் காத்தாடி கொடுத்த மின்சாரத்தில் செலவானது போக மிச்சத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைக்கலாம். தை, மாசியில் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. மார்ச் 31 இரவு எடுக்காமல் கிடக்கும் யூனிட்டுக்கு விலையில் முக்கால் பங்குதான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மின்சாரம் எங்கும் கிடக்கவில்லை. ஆடியில் வந்தது ஆடியிலேயே யாரோ ஒருவருடைய மின்விசிறியைச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. தையில் ஆலைக்காரர் 'எடுக்கும்' யூனிட் உண்மையில் தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ கரி எரித்துச் செய்தது. வங்கி என்று நாம் பெயர் வைத்தது பேரேட்டை. பெட்டகமாக இருந்தது நிலக்கரி. இந்த வசதிக்கு வாரியம் முன்பு 5 விழுக்காடு யூனிட்டைக் கழித்துக்கொண்டது, 2018-இல் அது 14 விழுக்காடாக ஏறியது. புதிய காத்தாடிகளுக்கு இந்த வசதியே கிடையாது என்று ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு ஆணையிட, வழக்கு தீர்ப்பாயம் வரை போனது. ஆலைக்காரர்கள் தங்கள் காற்றைப் பறித்துக்கொள்கிறார்கள் என்றார்கள். வாரியம் வாங்கிய கரிக்கு யார் காசு தருவது என்று கேட்டது. இருவர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் சிக்கல்.

பருவத்தில் விளைவதை ஆண்டு முழுவதும் வைத்துத் தின்னும் வித்தை இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பதநீர் சில மாதங்கள்தான் சுரக்கும். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, காலையில் இறக்கினால், வெயில் ஏறுவதற்குள் காய்ச்சியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். காய்ந்த ஓலையும் மட்டையும் சுள்ளியும் அடுப்பில். பாகு முறுகி வரும்போது கிண்டும் கை நிற்கக் கூடாது. பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டினால் அரைவட்டக் கட்டி. அதை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். கீழிருந்து வரும் புகையும் சூடும் மழைக்கால ஈரம் அண்டாமல் காக்கும். பதநீரின் தண்ணீரை விரட்ட இவ்வளவு விறகு செலவாகிறது, அதுதான் அதை வைத்துக்கொள்வதற்கு ஆகும் விலை. உப்பும் அப்படித்தான், வெயில் காலத்தில் வாரி, அம்பாரமாகக் குவித்து, பனையோலை வேய்ந்து ஐப்பசி மழையைத் தாண்டவைக்கிறார்கள். கருவாடும் அதே வரிசை. இந்த வட்டாரத்தின் மரபுத் தொழில்களில் பாதி, பருவத்தைப் பரணில் ஏற்றும் தொழில். மின்சாரத்துக்கு மட்டும் பரண் கிடைக்கவில்லை.

கிடைத்த பரண்கள் எவ்வளவு பெரியவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலிருந்து 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. மின்சாரம் மலிந்த வேளையில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கிச் சுழற்றுவது அதன் வேலை. ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 24 லட்சம் யூனிட். நீலகிரியில் குந்தாவில் கட்டப்படும் 500 மெகாவாட் நிலையத்தையும் சேர்த்தால் 54 லட்சம். காற்றின் ஒரு நல்ல நாள் விளைச்சல் 1,200 லட்சம். இருபதில் ஒரு பங்குகூட ஏற முடியாத பரண் இது. பேட்டரிகள் வந்துகொண்டிருக்கின்றன, விலையும் இறங்குகிறது. ஆனால் அவையும் பகலை இரவுக்கு மாற்றுமே தவிர ஆடியைச் சித்திரைக்கு மாற்றாது.

ஆக, மீதி வழி கொடுக்கல் வாங்கல்தான். நம்மிடம் காற்று மிஞ்சும்போது வடக்கே விற்பது, சித்திரைப் பகலில் சூரிய மின்சாரத்தை நம்புவது. அதற்குக் கம்பி வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில்தான், கொண்டுபோகக் கம்பிக்குத் தெம்பில்லை என்று சீசனில் காத்தாடிகளை நிறுத்தச் சொன்னார்கள். ராதாபுரத்தில் ஓடத் தயாராக நின்ற இறக்கைகளின் கீழே உள்ள கிராமங்களில் விளக்கு இல்லை. கயத்தாற்றில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையமும் பசுமை மின் வழித்தடமும் வந்தபிறகு அந்த நெருக்கடி தளர்ந்தது. கம்பி என்பது ஒரு வகையில் பரண்தான். காலத்துக்குப் பதில் இடத்தை மாற்றுகிறது.

இன்னொரு பக்கம் கரி நிலையங்களின் உடம்பு இதற்கு வாகாக இல்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் 210 மெகாவாட் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. இப்போது அங்கே ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். பக்கத்திலேயே நெய்வேலி நிறுவனமும் மாநில மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1,000 மெகாவாட். இந்தக் கொதிகலன்களை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. பாதி வேகத்துக்குக் கீழே இறக்குவதும் எளிதல்ல. கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் அணு உலைகளோ ஒரே வேகத்தில் ஓடுவதற்கென்றே பிறந்தவை. காற்று திடீரென்று எழும்போது இவர்கள் விலகி வழிவிட வேண்டும், அது விழுந்தவுடன் ஓடிவந்து தாங்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய அலகுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

உடன்குடித் திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. முதலில் 2009-இல் 1,600 மெகாவாட்டுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெல் நிறுவனத்தோடு செய்த கூட்டு 2012-இல் கைவிடப்பட்டது. பின்னர் 2017 டிசம்பரில் அதே பெல்லுக்கே 1,320 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம். முதல் கல்லுக்கும் முதல் தீக்கும் நடுவே உலகம் மாறிவிட்டது. 2017 பிப்ரவரியில் நடந்த மத்திய அரசின் ஏலத்தில் காற்று மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. மலிவு என்ற வாதத்தில் கரி தோற்ற பிறகும், 'வேண்டும்போது கிடைக்கும்' என்ற வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு வாதத்துக்குத்தான் 8 கிலோமீட்டர் பாலம். வலை விரிக்கும் இடமும் படகு போகும் வழியும் போகும் என்று சுற்றுவட்டார மீனவர்கள் அந்தப் பாலத்தை எதிர்த்துப் போராடினார்கள்.

செலவுப் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காற்றாலை கொடுக்கும் மின்சாரத்தை ஒவ்வொரு யூனிட்டாக மீட்டர் வைத்து எண்ணுகிறோம். பம்ப்செட் இழுப்பதை எண்ணுவதில்லை. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பிறகு 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று அப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது, மதிப்பீடுதான். இலவசத்தை நான் குறை சொல்லவில்லை. கிணற்றுப் பாசனக்காரனுக்கு அது உயிர். ஆனால் உடன்குடிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு கீழே போகப் போகக் கடல்நீர் உள்ளே வருகிறது, வாழையும் முருங்கையும் உப்பைக் குடிக்கின்றன. காற்று மிகுந்த மாதங்களின் மலிவு மின்சாரத்தை எந்த வேளையில், எவ்வளவு நேரம் பம்ப்புக்குக் கொடுப்பது என்று திட்டமிட்டாலே, கிணறே ஒரு பரணாகும். தொட்டியில் இறைத்துவைத்த தண்ணீர் சேமித்த மின்சாரம்தான். சாகுபுரத்தில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா செய்கிறார்கள். மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும் அப்படிப்பட்ட ஆலைகளின் ஓட்டத்தைக் காற்றுக்கு ஏற்ப கூட்டிக் குறைக்க முடியுமா என்பது ஒரு பெரிய பேட்டரி வாங்குவதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது கண் கடலுக்குள் போயிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் தென்பகுதியில், கரைக்கு அப்பால், காற்று நிலத்தைவிட வேகமாகவும் சீராகவும் வீசுகிறது. அங்கே அளப்பும் ஆய்வும் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கின்றன. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். வ.உ.சி. துறைமுகம் ஏற்கெனவே 80 மீட்டருக்கும் மேல் நீளமான இறக்கைகளைக் கப்பலேற்றிப் பழகியது. அவற்றைச் சாலையில் கொண்டுவரும்போது திருப்பத்தில் லாரி வளைவதற்குள் அரை மணி நேரம் போய்விடும், வேடிக்கை பார்க்கத் தனிக் கூட்டம் கூடும். இறக்கை வெளியே போகும் அதே துறைமுகத்தில் கரி உள்ளே வருகிறது. கடலில் இதுவரை ஒரு காத்தாடியும் நிற்கவில்லை. நிற்கும்போது அதைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு வலை போடக் கூடாது என்பதை யார் முடிவு செய்வார்கள் என்று இப்போதே கரையில் பேச்சு இருக்கிறது. கல்லாமொழிப் பாலம் கற்றுக்கொடுத்த பேச்சு அது.

வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்தறிந்த கரை இது. கச்சான் பலக்கும் மாதங்களில் நாட்டுப்படகு பல நாள் மணலிலேயே கிடக்கும். இப்போதெல்லாம் வள்ளம் தள்ளுவதற்கு முன் இளைஞர்கள் கைப்பேசியில் காற்று வரைபடத்தைப் பார்க்கிறார்கள். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் பெரியவர் ஒருவரைக் கேட்பார்கள். கன்னியாகுமரிக்குக் கிழக்கே அடர்சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலையைப் பழுதுபார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். காற்றாலைப் பொறியாளர்கள் தங்கள் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போடுவது அந்தச் சிவப்புத் திட்டைத்தான்.